விலைப்புள்ளி கேட்டும் பதில் வரவில்லையா?

வங்கிக் கடனுக்கோ அரசு மானியத்துக்கோ விண்ணப்பிக்கும் உழவரிடம் முதலில் கேட்கப்படும் தாள்களுள் ஒன்று விலைப்புள்ளி. ஊர் வழக்கில் இதனைக் கொட்டேஷன் என்கிறோம். பம்புசெட், பவர் டில்லர், விசைத் தெளிப்பான், சூரிய மின்வேலி என எதை வாங்கப் புறப்பட்டாலும், இந்த ஒரு தாள் கைக்கு வந்த பிறகே மற்ற வேலைகள் நகரும். ஆனால் கடைக்கு நேரில் போனால் "முதலாளி வரட்டும்" என்கிறார்கள். தொலைபேசியில் கேட்டால் "அனுப்பி வைக்கிறோம்" என்கிறார்கள். கடிதம் போட்டால் பதிலே வருவதில்லை. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் வட்டாரங்களில் உழவர்கள் பலர் கூறும் குறை இது.

இது சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில், சிற்றாறு முதலிய ஆறுகளை நம்பிய நஞ்சையும், கிணற்றை நம்பிய தோட்டக்கால் நிலமும் கலந்து கிடக்கின்றன. ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும்போது கார் பருவம் தொடங்குகிறது. அக்டோபரில் பிசானம் தொடங்குகிறது. இப்பருவங்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. விலைப்புள்ளி ஒரு மாதம் தாமதமானால் கடன் தாமதமாகும். கடன் தாமதமானால் மோட்டார் தாமதமாகும். மோட்டார் வருவதற்குள் நாற்றின் வயது கடந்துவிடும். மலையடிவாரத்தில் மேக்கரை, வடகரை போன்ற ஊர்களில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும் தோட்டங்களுக்கு மின்வேலி ஒரு பருவம் தள்ளிப் போனால், தென்னங்கன்றும் வாழையும் அந்தப் பருவத்திலேயே போய்விடக்கூடும்.

ஆகவே, விற்பனையாளர் ஏன் பதில் தருவதில்லை, பதில் வரும்படி எவ்வாறு கேட்பது, வந்த விலைப்புள்ளியை எவ்வாறு படித்துப் பார்ப்பது ஆகியவற்றை உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

விலைப்புள்ளி என்பது யாது?

இன்ன பொருளை, இன்ன தரத்தில், இன்ன விலைக்கு, இன்ன நாளுக்குள் தருகிறேன் என்று விற்பவர் எழுத்தில் தரும் சொல்லே விலைப்புள்ளி. வாய்மொழியாகச் சொல்லும் விலையும், நிறுவனம் அச்சிட்டு வழங்கும் விலைப்பட்டியலும் விலைப்புள்ளி ஆகா. "சுமார் இவ்வளவு ஆகும்" என்று எழுதித் தரும் மதிப்பீடும் ஆகாது. வங்கி கேட்பது கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், நாள், பொருளின் விவரம், வரி, மொத்தத் தொகை, கையொப்பம், முத்திரை ஆகிய அனைத்தும் கொண்ட தாளை. சில வங்கிகள் இதனையே புரோபார்மா இன்வாய்ஸ் என்ற பெயரில் கேட்கின்றன. வங்கி ஒப்புக்கொண்ட கடன் தொகை பெரும்பாலும் உழவர் கைக்கு வராமல் நேராகக் கடையின் கணக்குக்கே செல்வதால், தாளில் உள்ள பெயரும் கணக்கு விவரமும் பிழையின்றி இருத்தல் வேண்டும்.

பதில் வராமல் போவதற்குரிய காரணங்கள்

கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் சில காரணங்கள் தெளிவாகத் தெரியும்.

1. கேள்வி முழுமையாக இல்லை. "5 குதிரைத் திறன் மோட்டார் என்ன விலை?" என்று கேட்டால் அதற்கு ஒரே விலை கிடையாது. திறந்த கிணற்று மோனோபிளாக், திறந்த கிணற்று நீர்மூழ்கி, ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி ஆகிய மூன்றும் வெவ்வேறு விலை. ஆழ்துளை வகையில் எத்தனை ஸ்டேஜ், எத்தனை அங்குலத் துளை என்பதற்கேற்பவும் விலை மாறும். விவரம் இல்லாத கேள்வியைக் கடைக்காரர் ஓரமாக வைத்துவிடுகிறார்.

2. வெறும் தாளுக்காகக் கேட்கிறார் என்ற எண்ணம். கடன் விண்ணப்பத்தோடு இணைக்க மட்டும் விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு, பொருளை வேறிடத்தில் வாங்குவோர் உண்டு. இப்படிப் பலமுறை அனுபவப்பட்ட கடைக்காரர், புதிதாக வருபவரையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்.

3. விலை நிலையாக இல்லை. மோட்டாரின் உள்சுற்றுக்குச் செம்புக் கம்பி வேண்டும். குழாய்க்குப் பி.வி.சி. பிசின் வேண்டும். செம்பின் விலை உலகச் சந்தையில் அன்றாடம் ஏறி இறங்குகிறது. பிசின் விலை கச்சா எண்ணெய் விலையைத் தொடர்ந்து அசைகிறது. எழுதித் தந்த விலைக்கே பின்னர் விற்க நேர்ந்தால் நட்டம் வருமோ என்று கடைக்காரர் அஞ்சுகிறார்.

4. விலை சொல்லும் அதிகாரம் இல்லை. கடையில் நிற்கும் பணியாளர் தள்ளுபடி விலையை முடிவு செய்ய இயலாது. கோயம்புத்தூரில் உள்ள பம்பு நிறுவனத்துக்கு நேராக எழுதினாலும், அவர்கள் கடிதத்தைத் திருநெல்வேலி அல்லது தென்காசி முகவருக்குத் தள்ளிவிடுவர். முகவர் அதைப் பார்த்தாரா என்பது எவருக்கும் தெரியாது.

5. மானியத் தொகை தாமதமாக வரும் என்ற அச்சம். மானியப் பங்கு அரசிடமிருந்து பின்னர் வந்து சேரவேண்டிய திட்டங்களில், கையில் ரொக்கம் வைத்திருப்பவருக்கே முகவர் முதலிடம் தருகிறார்.

6. பருவ நெருக்கடி. மார்ச் முதல் மே வரை கிணறுகள் வற்றும்போது மோட்டார்க் கடைகளில் பழுது நீக்கும் வேலையே மிகுதி. அந்நாட்களில் தாள் எழுத ஆள் இருப்பதில்லை.

இவற்றுள் முதல் இரண்டும் உழவர் கையிலேயே உள்ளவை. மற்றவற்றின் தொல்லையையும், கேட்கும் காலத்தாலும் முறையாலும் ஓரளவு குறைக்கலாம்.

கேட்கும் முன் அளந்து கொள்ள வேண்டியவை

பம்புசெட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடைக்குப் போகும் முன் பின்வரும் அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அ) கிணறா, ஆழ்துளையா, மொத்த ஆழம், ஆழ்துளையானால் துளையின் விட்டம்.

ஆ) கோடையில் நீர்மட்டம் எத்தனை அடிக்குத் தாழ்கிறது என்பது. தென்காசி வட்டாரத்தில் இது மிக முக்கியம். சாரல் காலத்தில் கிணற்று நீர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். அந்த மட்டத்தை வைத்து வாங்கிய மோட்டார், ஏப்ரல் மாதத்தில் நீரை மேலேற்றத் திணறும். ஆகவே, கோடையின் அடிமட்டத்தையே கணக்கில் கொள்ளவேண்டும்.

இ) கிணற்றடியிலிருந்து வயலின் மேட்டுப்பகுதி எவ்வளவு உயரம், குழாயின் நீளம், விட்டம், வளைவுகளின் எண்ணிக்கை.

ஈ) மணிக்கு எவ்வளவு நீர் வேண்டும், கிணற்றின் ஊற்று அதற்கு ஈடு கொடுக்குமா.

உ) மின் இணைப்பின் விவரம்.

இவை கிடைத்தால் தேவையான குதிரைத் திறனை உழவரே ஏறக்குறைய கணக்கிடலாம். நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் மொத்த ஏற்ற உயரத்தை மீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 75ஆல் வகுத்தால் நீரை ஏற்றத் தேவையான திறன் வரும். அதனைப் பம்பின் செயல்திறனால் வகுக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, கோடை நீர்மட்டம் 60 அடி, வயல் மேடு 20 அடி, குழாயின் உராய்வுக்கு 20 அடி என்று வைத்தால் மொத்தம் 100 அடி, அதாவது ஏறத்தாழ 30.5 மீட்டர். நொடிக்கு 5 லிட்டர் வேண்டுமானால், 5 x 30.5 / 75 = ஏறத்தாழ 2 குதிரைத் திறன். பம்பின் செயல்திறன் 50 சதவீதம் என்றால் 4 குதிரைத் திறன் தேவை. இதற்கு அடுத்த அளவாகிய 5 குதிரைத் திறன் மோட்டார் போதும். நொடிக்கு 5 லிட்டர் என்பது மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் நீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும் என்பதால், இந்த மோட்டார் ஒரு ஏக்கரைச் சுமார் 11 மணி நேரத்தில் நனைக்கும்.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரிடம், "7.5 போட்டுக்கொள்ளுங்கள், எதற்கும் நல்லது" என்று தேவைக்கு மேற்பட்ட மோட்டாரைத் தலையில் கட்டுவது எளிதன்று.

விலைப்புள்ளி கேட்கும் கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. கீழே உள்ள மாதிரியை அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"ஐயா, தென்காசி மாவட்டம் ......... வட்டம் ......... கிராமத்தில் எனக்கு ......... ஏக்கர் தோட்டக்கால் நிலம் உள்ளது. என் திறந்த கிணற்றின் ஆழம் 75 அடி. கோடை நீர்மட்டம் 60 அடி. மொத்த ஏற்ற உயரம் 100 அடி. தேவையான நீர் மணிக்கு 18,000 லிட்டர். இதற்குப் பொருத்தமான, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற 5 குதிரைத் திறன் திறந்த கிணற்று நீர்மூழ்கி மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, 100 அடி கேபிள் ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி தேவை. இதனை ......... வங்கியில் கடன் விண்ணப்பத்துடன் இணைக்க உள்ளேன். ......... மாதம் வாங்க எண்ணியுள்ளேன். பொருளின் விலை, வரி, வண்டிக் கூலி, பொருத்தும் கூலி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறேன். உத்தரவாதக் காலம், பழுது பார்க்கும் இடம், விலை செல்லுபடியாகும் கடைசி நாள் ஆகியவற்றையும் எழுதவும். ......... தேதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். இதே விவரங்களுடன் மேலும் சில கடைகளிலும் கேட்டுள்ளேன்."

இக்கடிதத்தில் நான்கு செய்திகள் உள்ளன. வாங்குபவருக்குத் தேவை என்ன என்பது தெரியும். பணம் எங்கிருந்து வரும் என்பது தெரியும். எப்போது வாங்குவார் என்பது தெரியும். எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பதும் தெரியும். இந்த நான்கும் இருந்தால் கடைக்காரர் அதனை வியாபாரமாகக் கருதுவார். அரசுத் துறைகள் கொள்முதல் செய்யும்போதும் இதுவே முறை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டு வந்தது. அரசின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் பொருளின் விவரமும் கடைசி நாளும் எழுதப்பட்டிருக்கும். விற்பவர் தாமாகவே முன்வருவதற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம்.

கடிதத்தை நேரில் கொடுத்தால், நகலில் கடை முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இதே கடிதத்தைப் படமெடுத்து அனுப்பலாம். "விலை என்ன?" என்று ஒற்றை வரியில் அனுப்புவதில் பயனில்லை.

எத்தனை பேரிடம், எப்போது?

மூன்று விலைப்புள்ளிகள் கையில் வேண்டுமானால் ஐந்து இடங்களில் கேளுங்கள். உள்ளூரில் இரண்டு, தென்காசியில் ஒன்று, திருநெல்வேலியில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். ஆரியங்காவு வழியாகக் கேரளத்தின் புனலூர், கொல்லம் பக்கமும் விசாரிக்கலாம். ஆனால் தொலைவிலுள்ள கடையில் வாங்கினால் பழுது பார்க்க ஆள் வருவாரா என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

காலத்தைப் பின்னோக்கி எண்ணுதல் நல்லது. கார் பருவ நடவுக்கு மோட்டார் வேண்டுமானால், கோடை நெருக்கடிக்கு முன்பே, பிப்ரவரியில் கேட்கத் தொடங்குங்கள். பிசானத்துக்கு ஜூலையில் தொடங்குங்கள். விலைப்புள்ளிக்கு மூன்று வாரம், வங்கியின் ஆய்வுக்கு ஒரு மாதம், பொருள் வந்து பொருத்துவதற்கு இரண்டு வாரம் என்று ஒதுக்கினால் பெரும்பாலும் இடறல் இராது. மானியத் திட்டங்களுக்கு நிதியாண்டு மார்ச் 31ஆம் நாள் முடிவதையும் மறக்கலாகாது.

நினைவூட்டும் முறை

கடிதம் கொடுத்த நான்காம் நாள் தொலைபேசியில் பேசுங்கள். "விலைப்புள்ளி தயாரா?" என்று கேட்பதைவிட, "விவரம் ஏதேனும் குறைகிறதா?" என்று கேட்பது பதிலை விரைவில் வரவழைக்கும். ஏழாம் நாள் காலையில், கூட்டம் சேரும் முன், நேரில் செல்லுங்கள். விலையை முடிவு செய்பவர் யார், எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாம் நாளும் பதில் இல்லையெனில், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அதே கடிதத்தின் நகலை அனுப்பி, உங்கள் பகுதிக்குரிய வேறு முகவர் யார் என்று கேளுங்கள். பதினைந்தாம் நாள் அக்கடையை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

விலை சொல்லவே பதினைந்து நாள் அலையவிடும் கடை, மோட்டார் எரிந்துபோன ஏப்ரல் மாதத்தில் எவ்வளவு விரைவாக ஆள் அனுப்பும் என்பதையும் இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். அந்த வகையில் பதிலின்மையும் ஒரு செய்தியே.

மற்றொன்றும் உண்டு. வேறு கடையில் வாங்க முடிவு செய்துவிட்டால், விலைப்புள்ளி தந்த மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "விலை சற்றுக் கூடுதலாக இருந்தது, இம்முறை வேறிடத்தில் வாங்கினேன்" என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை. சிறு ஊர்களில் கடைக்காரருக்கு முகமும் பேரும் நினைவிருக்கும். அடுத்த முறை நீங்களோ உங்கள் பக்கத்து வயல்காரரோ கேட்கும்போது பதில் வரும்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடுதல்

மூன்று தாள்களும் வந்தபின் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்க. (தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. வரி 18 சதவீதம் என்று கொள்ளப்பட்டுள்ளது.)

கடை "அ": மோட்டாரும் ஸ்டார்ட்டரும் ரூ.38,000, வரி தனி. வரி ரூ.6,840, கேபிள் ரூ.3,600, வண்டிக் கூலியும் பொருத்தும் கூலியும் ரூ.2,500. ஆக மொத்தம் ரூ.50,940.

கடை "ஆ": வரி உட்பட ரூ.44,500. கேபிள் ரூ.3,600, பொருத்தும் கூலி ரூ.1,500. ஆக மொத்தம் ரூ.49,600.

கடை "இ": வரி, கேபிள், பொருத்துதல் அனைத்தும் உட்பட ரூ.47,000.

பார்வைக்கு மிக மலிவாகத் தோன்றிய கடை "அ" உண்மையில் ரூ.3,940 கூடுதல். தனித்தனியே பிரித்து எழுதச் சொல்வதன் பயன் இதுவே.

விலையோடு தரத்தையும் ஒப்பிடவேண்டும். நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034, திறந்த கிணற்று நீர்மூழ்கிக்கு ஐ.எஸ். 14220, மோனோசெட்டுக்கு ஐ.எஸ். 9079 என இந்தியத் தர நிர்ணய எண்கள் உள்ளன. விலைப்புள்ளியில் இந்த எண்ணும், பம்பின் மாடல் எண்ணும் எழுதப்பட்டிருக்கவேண்டும். மாடல் எண் இல்லாத தாளைக் காட்டி, பின்னர் வேறு மோட்டாரை இறக்கிவிட இடமுண்டு.

வரி விகிதத்தையும் நாளையும் பாருங்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சொட்டு நீர், தெளிப்பு நீர்க் கருவிகளுக்கும் டிராக்டருக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்நாளுக்கு முன் எழுதிய பழைய விலைப்புள்ளியை அப்படியே பயன்படுத்தினால் ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு ரூ.7,000 வீணாகும். ஆகவே, பழைய தாளைப் புதுப்பித்து வாங்குதல் வேண்டும்.

ஒரே முகவர், மூன்று வெவ்வேறு கடைப் பெயர்களில் மூன்று விலைப்புள்ளிகளைத் தாமே தயாரித்துத் தர முன்வந்தால் ஏற்கவேண்டாம். அலைச்சல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒப்பீடு என்பதே அங்கு இல்லாமல் போகிறது. கடன் உங்கள் பெயரில், வட்டியும் உங்கள் பெயரில் என்பதை நினைவில் கொள்க.

சட்டம் கூறுவது என்ன?

விலைப்புள்ளி தராமல் இருப்பது சட்டப்படி குற்றமன்று. கேட்பவர் எல்லோருக்கும் விலை எழுதித் தரவேண்டும் என்று தனியார் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. ஆகவே, பதில் வராததற்காகப் புகார் எழுதிக்கொண்டிருப்பதைவிட, அடுத்த கடைக்குச் செல்வதே பயன் தரும்.

விலையைச் சொன்ன மாத்திரத்தில் விற்க ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. ஜமைக்கா தீவில் ஒரு நிலத்துக்கு, "விற்பீர்களா? மிகக் குறைந்த விலையைத் தந்தியில் தெரிவிக்கவும்" என்று ஒருவர் தந்தி கொடுத்தார். "மிகக் குறைந்த விலை 900 பவுன்" என்று பதில் வந்தது. வாங்குபவர் உடனே சம்மதம் தெரிவித்தார். ஆனால் விற்பவர் மறுத்துவிட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1893ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு, விலையைத் தெரிவித்தது மட்டுமே நடந்தது, விற்பனை உடன்பாடு ஏற்படவில்லை என்று கூறியது. ஆகவே, தாளில் விலை மட்டும் இருந்தால் போதாது. "இவ்விலைக்குத் தருகிறோம்" என்ற சொல்லும், செல்லுபடியாகும் நாளும் இருக்கவேண்டும்.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, மற்றவர் ஏற்பதற்கு முன் தாம் சொன்ன சொல்லை ஒருவர் திரும்பப் பெறலாம். எனவே விலைப்புள்ளி பிடித்திருந்தால் ஏற்பதாக விரைவில் எழுத்தில் தெரிவியுங்கள். விலை ஏறும் என்ற அச்சம் இருந்தால், சிறு தொகையை முன்பணமாகச் செலுத்தி, விலைப்புள்ளியின் எண்ணும் நாளும் குறித்த ரசீது பெறுங்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது பாதுகாப்பு.

பணம் செலுத்திய பின் பொருள் வராவிட்டாலோ, சொன்ன தரம் இல்லாவிட்டாலோ நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகத் தம் வாழ்வாதாரத்துக்குப் பொருள் வாங்குபவரும் நுகர்வோரே. விதை தொடர்பான வழக்கொன்றில் உழவர்கள் நுகர்வோர் ஆவர் என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்போது உங்களுக்குத் துணை நிற்பவை கடித நகலும், விலைப்புள்ளியும், ரசீதும் மட்டுமே.

உடனே பதில் தருவோரிடமும் எச்சரிக்கை

உள்ளூர்க் கடைகள் பதில் தராமல் இழுத்தடிக்கும்போது, கைப்பேசியில் உடனுக்குடன் பதில் தரும் முன்பின் தெரியாதவர்மேல் நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஏமாற்றுக்காரர்கள் காத்திருப்பதும் இதற்கே. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் சூரிய சக்திப் பம்புத் திட்டத்தின் பெயரால் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் கேட்டு வசூலிப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரித்துள்ளது. முகவரி, ஜி.எஸ்.டி. எண், நேரில் பார்க்கக்கூடிய கடை ஆகிய மூன்றும் இல்லாதவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பவேண்டாம். பணம் இழந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

மானியத் திட்டங்களில் விலைப்புள்ளி

நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு நிர்ணயித்த அளவுக்கு உட்பட்டு மானியம் வழங்கப்படுகிறது. இங்கு அரசு ஏற்பளித்த நிறுவனங்களில் ஒன்றை உழவரே தேர்ந்தெடுக்கிறார். அந்நிறுவனத்தார் வயலுக்கு வந்து அளந்து, வரைபடமும் விலைப்புள்ளியும் தயாரிக்கவேண்டும். ஆள் வராமல் நாள் கடத்தினால், வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை உதவி இயக்குநரிடம் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அதே நிறுவனத்தின் அமைப்பைப் போட்டுள்ள பக்கத்து ஊர் உழவர் இருவரிடமாவது விசாரித்துக்கொள்வது நல்லது. புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களிலும் கடையம் பகுதித் தென்னந்தோப்புகளிலும் இப்படி விசாரிக்க ஆள் கிடைப்பர்.

வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணைத் திட்டத்தில் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிட, பழங்குடி உழவர்களுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்ச வரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. இதனை வேளாண்மைப் பொறியியல் துறை செயல்படுத்துகிறது. எந்த மாடல்களுக்கு ஏற்பளிப்பு உள்ளது என்பதை அத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டறிந்து, அதன் பின்னர் விலைப்புள்ளி கேளுங்கள். அனுமதி ஆணை வரும் முன் இயந்திரத்தை வாங்கிவிட வேண்டாம்.

விவசாயக் கடனில் ரூ.2 லட்சம் வரை ஈடும், உழவர் தம் கையிலிருந்து போடும் பங்குத் தொகையும் கேட்கலாகாது என்பது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. விலைப்புள்ளியின் மொத்தம் இந்த வரம்புக்குள் அமைகிறதா என்று பார்த்துக்கொள்வதும் பயன் தரும்.

குழுவாகக் கேட்டல்

ஒரு மோட்டார் கேட்பவருக்குப் பதில் தரத் தயங்கும் முகவர், பத்து மோட்டார் கேட்பவரின் வீட்டுக்கே வருவார். தமிழ்நாடு அரசு 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 உழவர் கொண்ட ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி தரப்பட்டு, அதைக் கொண்டு பண்ணை இயந்திரங்கள் வாங்கப்பட்டன. பல சிறு தேவைகளை ஒரே கொள்முதலாகச் சேர்ப்பதே அதில் உள்ள பலம். உங்கள் ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ குழுவோ இருந்தால், ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஜூலையிலும், யார் யாருக்கு என்ன தேவை என்று பட்டியலிட்டு ஒரே கடிதமாக அனுப்பலாம். குற்றாலம் மலைச்சரிவில் மங்குஸ்தான், ரம்புட்டான், கிராம்பு பயிரிடும் சிறு தோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். தனித்தனியே கேட்டால் தெளிப்பானுக்கு ஓர் உதிரிப் பாகம்கூடக் கிடைப்பது அரிது. சேர்ந்து கேட்டால் பழுது பார்க்கும் ஆளும் மலையேறி வருவார்.

கேட்ட பொருள் வருவதற்குள் வேலை கெட்டுவிடும் என்ற நிலை இருந்தால், உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை வாடகைக்குப் பெறலாம். ஐயங்களுக்கு உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. அளவுகளை எடுத்த பிறகே விலை கேளுங்கள்.
2. கோடை நீர்மட்டத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.
3. ஐந்து இடங்களில், ஒரே வாசகத்தில், கடைசி நாள் குறித்துக் கேளுங்கள்.
4. வரி, கூலி, உதிரிகளைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.
5. மாடல் எண், ஐ.எஸ். எண், செல்லுபடி நாள் இல்லாத தாளை ஏற்காதீர்கள்.
6. ஏற்பதையும் மறுப்பதையும் உரிய காலத்தில் தெரிவியுங்கள்.
7. எல்லாத் தாள்களின் நகலையும் ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்டு வாங்குகிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். இயந்திரம் வாங்கும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். அடுத்த கார் பருவத்துக்கு மோட்டார் மாற்ற எண்ணியுள்ள உழவர்கள், வரும் கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்தில் நிற்கும் நாளன்று ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து குறித்து வைப்பார்களாக. விலைப்புள்ளிக் கடிதத்தின் முதல் வரி அதுவே.